ஒரு லட்சத்தில் இரவு வானம்: கோத்தகிரிக்கு எந்தக் கேமரா?

என் அக்கா மகள் கோவையில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை ஆனால் மேட்டுப்பாளையம் வழியாக பஸ் ஏறி கோத்தகிரிக்கு வந்துவிடுவாள். சேர்த்து வைத்த பணம் ஒரு லட்ச ரூபாய் அளவில் இருக்கிறது, கேமரா வாங்கப் போகிறாள். "மாமா, ஃபுல் ஃப்ரேம் வாங்கட்டுமா, ஏபிஎஸ்-சி போதுமா?" என்று கேட்டாள். படத்தைப் பிடிக்கும் சென்சார் ஃபுல் ஃப்ரேமில் பெரிது, ஏபிஎஸ்-சியில் சிறிது. அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீலகிரியில் பயணப் படமும் இரவுப் படமும் எடுக்க நினைக்கும் மற்றவர்களுக்கும் கணக்கு ஏறக்குறைய இதேதான்.

முதலில் அவள் என்ன எடுக்கப் போகிறாள் என்று பார்த்தோம். பகலில் பஸ் ஜன்னல், தேயிலைச் சரிவு, மலை ரயில். மாலையில் கேத்திப் பள்ளத்தாக்கில் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும் வீட்டு விளக்குகள், ஹெத்தையம்மன் பண்டிகைக் கூட்டம், ஊட்டி சேரிங்கிராஸ் கடைத்தெரு. அப்புறம் நட்சத்திரங்கள். மூன்றும் மூன்று வேறு தேவைகள். பகல் படத்துக்கு இன்று விற்கிற எந்தக் கேமராவும் போதும், அதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சிக்கல் சூரியன் இறங்கிய பிறகுதான்.

கையில் இருக்கும் போனே போதாதா என்று அவள் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. போன் இருட்டில் ஒரே படமாக எடுப்பதில்லை. பல படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இரைச்சலை (இருட்டுப் படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான குறையை) கழித்துவிடுகிறது. கூகுள் பிக்சல் போன்களில் 2019-இலிருந்தே நட்சத்திரங்களுக்கென்று தனி மோடு இருக்கிறது. ஸ்டாண்டில் வைத்துவிட்டால் நான்கு நிமிடம் வரை தானே எடுத்து அடுக்கிக்கொள்ளும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அது அருமையான படம். பெரிய திரையில் திறந்தால்தான் குறை தெரியும்: சின்ன நட்சத்திரங்கள் காணாமல் போயிருக்கும், தேயிலைச் சரிவின் இருட்டு பெயிண்ட் அடித்த மாதிரி வழவழவென்று இருக்கும். சாரல் மழையில் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்ட போனைவிட வசதியான கருவி கிடையாது. அதனால் கேமரா வாங்கினாலும் பகல் படங்களில் பாதி போனில்தான் எடுக்கப்படும். இது தெரிந்துதான் மற்ற கணக்கைப் போட வேண்டும்.

பைக்குள் அடங்கும் காம்பாக்ட் கேமராக்களை வேகமாகத் தள்ளிவிட்டேன். சோனி ஆர்எக்ஸ்100 ஏழாம் பதிப்பு 302 கிராம்தான், 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம் போகும். மலை ரயிலுக்கு அற்புதம், இரவுக்கு அதன் ஒரு அங்குல சென்சார் சிறிது. ரிக்கோ ஜிஆர் 3, ஃபூஜி எக்ஸ்100 ஆறாம் பதிப்பு இரண்டிலும் ஏபிஎஸ்-சி சென்சார் இருக்கிறது, ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. லென்ஸின் திறப்பு ரிக்கோவில் எஃப்/2.8, ஃபூஜியில் எஃப்/2 (இந்த எண் குறையக் குறைய திறப்பு பெரிது, வெளிச்சம் அதிகம்), ஆனால் கோணம் குறுகல், பால்வீதியின் ஒரு துண்டுதான் அடங்கும். கடைத்தெருவையும் மனிதர்களையும் மட்டும் எடுப்பவர் என்றால் அந்த ஃபூஜியை நானே சிபாரிசு செய்வேன். இவளுக்கு வானம் வேண்டும்.

ஆக மிச்சம் இருப்பது லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமரா. இங்கேதான் ஃபுல் ஃப்ரேம் ஆசை வருகிறது. கடைக்குப் போனால் விற்பனையாளரும் அதைத்தான் காட்டுவார்: "நைட்டுக்கு ஃபுல் ஃப்ரேம்தான் மேடம்." பொய் இல்லை, பாதி உண்மை.

கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36-க்கு 24 மி.மீ., பரப்பு 864 சதுர மி.மீ. நிக்கான், சோனி, ஃபூஜி ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6 மி.மீ., பரப்பு 366 சதுர மி.மீ. அதாவது ஃபுல் ஃப்ரேம் 2.4 மடங்கு பெரிது. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் அந்த அளவுக்கு அதிக வெளிச்சம் வாங்கும். ஆனால் மற்றதெல்லாம் சமமாக இருப்பதில்லை. பணத்தை எல்லாம் பாடியில் (லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில்) போட்டுவிட்டு, கூட வரும் 24–50 கிட் லென்ஸோடு நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். நிக்கானில் அந்த லென்ஸ் 24 மி.மீ.யில் எஃப்/4, கேனானில் எஃப்/4.5. அதே கோணத்தை ஏபிஎஸ்-சியில் சிக்மா 16 மி.மீ. லென்ஸ் தரும், அதன் திறப்பு எஃப்/1.4. எஃப்/4-க்கும் எஃப்/1.4-க்கும் நடுவே எட்டு மடங்கு வெளிச்சம். அதில் சென்சாரின் 2.4 மடங்கைக் கழித்தாலும், சின்ன சென்சார் வைத்திருப்பவருக்கு மூன்று மடங்குக்கு மேல் வெளிச்சம் மிச்சமாகிறது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று எடுத்தால், பெரிய கேமராக்காரரின் படத்தில்தான் இரைச்சல் அதிகம் இருக்கும்.

எதிர்க் கேள்வி உண்டு: இன்னும் கொஞ்சம் நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் என்ன? நட்சத்திரம் நிற்காது. வானம் விநாடிக்கு 15 கலைவிநாடி (ஒரு கலைவிநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) நகர்கிறது. 16 மி.மீ. லென்ஸில் பத்து விநாடி திறந்து வைத்தாலே ஒரு நட்சத்திரம் சுமார் மூன்று பிக்சல் தூரம் ஓடியிருக்கும். இருபது, இருபத்தைந்து விநாடி என்றால் புள்ளி கோடாகிவிடும். எத்தனை விநாடி திறக்கலாம் என்று பார்க்க 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுக்கும் பழைய விதி பிலிம் காலத்து விதி. அதில் வரும் விடையைப் பாதியாக்கிக்கொள்வது நல்லது. நேரத்தை நீட்ட முடியாது என்றால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் உணர்திறன் அளவை) கூட்ட வேண்டும், அல்லது லென்ஸ் பெரிதாகத் திறக்க வேண்டும். வேறு வழி இல்லை.

ஃபுல் ஃப்ரேமுக்கும் நல்ல லென்ஸ் வாங்கிவிட்டால்? அப்போது அது ஜெயிக்கும், சந்தேகமே இல்லை. நிக்கான் இசட்5 இரண்டாம் பதிப்பும் 20 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் சேர்ந்தால் இரவுக்கு அருமையான ஜோடி. சென்சாரிலேயே அதிர்வுத் தடுப்பு (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) இருக்கிறது, இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதிலும் கெட்டி. ஆனால் பாடி 700 கிராம், லென்ஸ் 505 கிராம், கூட ட்ரைபாட். இத்தனையும் தோளில் மாட்டிக்கொண்டு, குஞ்சப்பனை ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு சாய்கிற பஸ்ஸில் நின்றுகொண்டு வர வேண்டும். பணமும் லட்சத்தில் நிற்காது.

இதற்கு நடுவே கேனான் ஆர்8 என்று ஒன்று இருக்கிறது. ஃபுல் ஃப்ரேம், ஆனால் பேட்டரி, கார்டோடு 461 கிராம். கேனானின் 16 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் 165 கிராம். இரண்டும் சேர்ந்து 626 கிராமில் அகலமான வானம் கிடைக்கிறது. பயணத்துக்கும் இரவுக்கும் எடை பார்த்து வாங்குகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்து இதைவிடச் சமர்த்தான ஜோடி இல்லை. குறை இரண்டு: பேட்டரி சின்னது, பாடியில் அதிர்வுத் தடுப்பு கிடையாது. அவளுடைய பட்ஜெட் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் என் விரல் இந்தப் பக்கம்தான் நீண்டிருக்கும்.

அதிர்வுத் தடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில்தான் நிறைய பேர் தேவையில்லாமல் காசு கொடுக்கிறார்கள். நட்சத்திரம் எடுக்கும்போது கேமரா ட்ரைபாடில் இருக்கும். அப்போது அந்த வசதியை அணைத்துத்தான் வைக்க வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் ஆட்கள் நகர்கிறார்கள், கேமரா எவ்வளவு அசையாமல் இருந்தாலும் ஆடுகிறவரின் கை மங்கலாகத்தான் விழும். அதற்கும் தேவை எஃப்/1.4. கேத்தி விளக்குகளைச் சாலையோரம் கையில் பிடித்து அரை விநாடியில் எடுப்பது, இரவு ரயில் நிலையம், மழை ஈரத்தில் மின்னும் தெரு: இவற்றுக்குத்தான் உண்மையிலேயே பயன். வேண்டும் என்கிறவர்களுக்கு ஏபிஎஸ்-சியிலேயே சோனி ஏ6700, ஃபூஜி எக்ஸ்-எஸ்20, கேனான் ஆர்7 மூன்றிலும் இருக்கிறது. அந்தப் பணத்தில் ஒரு லென்ஸ் வருமே என்பதுதான் என் எண்ணம்.

இனி நம்ம ஊர் வானம். அதைப் பார்க்காமல் கேமரா முடிவு செய்வதில் அர்த்தம் இல்லை.

பால்வீதியின் நடுப்பகுதி தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. 11 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு அது தென்வானில் ஏறத்தாழ 50 பாகை உயரம் வரை ஏறும். ஐரோப்பாவில் இருந்து வீடியோ போடுகிறவர்கள் அடிவானத்தை உரசியபடி எடுப்பதை நாம் தலையை நிமிர்த்திப் பார்க்கலாம். மாலையில் வசதியாகத் தெரியும் மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை. அப்போது தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, அந்தப் பக்கம் வானத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. தொட்டபெட்டா மலைக்குக் கிழக்கே இருப்பதால் கோத்தகிரியில் அந்த மழை குறைவு, இடையில் சில இரவுகள் திறக்கும். நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில்தான். எப்படிப் பார்த்தாலும் நம்பி எழுந்திருக்கக்கூடிய காலம் மாசி, பங்குனி. மாசி அமாவாசையை ஒட்டி அதிகாலை இரண்டு மணிக்கு மேல் பால்வீதியின் நடுப்பகுதி தென்கிழக்கில் எழும். மூன்றரைக்கு மேல் நன்றாகத் தெரியும், ஐந்தேகாலுக்கு மேல் வெளுத்துவிடும். அமாவாசை பார்க்க ஆப் எதுவும் வேண்டாம், சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. கோத்தகிரிக்குத் தெற்கே மேட்டுப்பாளையம், அதற்கும் தெற்கே கோவை. நமக்கு வேண்டிய பால்வீதி நகர்ந்து போவது நேராக அந்த வெளிச்சத்தின் மேல்தான். எஃப்/1.4 லென்ஸ் நகர வெளிச்சத்தையும் சேர்த்தே வாங்கும், எந்த சென்சாராலும் அதைப் பிரிக்க முடியாது. தென்கிழக்கில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கீழே சமவெளியில் மேகம் படிந்திருக்கும் இரவு வாய்த்தால் அதிர்ஷ்டம், மேகமே நகர வெளிச்சத்தை மூடிவிடும். வடக்குப் பக்கம் கதை வேறு: மாயாறு பள்ளத்தாக்கும் அதைத் தாண்டிக் காடும், நல்ல இருட்டு. துருவ நட்சத்திரம் 11 பாகை உயரத்தில்தான் நிற்கும், அதைச் சுற்றி நட்சத்திரங்கள் வட்டமிடும் படத்தை மலை விளிம்போடு சேர்த்து எடுக்கலாம். கேமராவை முப்பது முப்பது விநாடியாக ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிறகு கணினியில் அடுக்கினால் முடிந்தது. இதற்குக் கிட் லென்ஸே தாராளம். முதல் சம்பளத்தில் பாடியும் கிட் லென்ஸும் மட்டுமே வாங்க முடிகிறவர்கள் வடக்கே திரும்பி உட்காரலாம்.

எங்கே உட்காருவது என்பதும் கேமராத் தேர்வைப் பாதிக்கிறது. இரவில் தேயிலைத் தோட்டத்துக்குள் போவது வேண்டாம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடியும் காட்டெருமையும் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. ட்ரைபாடுக்குப் பின்னால் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் பத்தடி தள்ளி நிற்பது தெரியாது. வனத்துறைப் பகுதிகளில் இரவு அனுமதி கிடையாது. மிச்சம் மொட்டை மாடி, வீட்டு முற்றம், தங்கும் விடுதியின் புல்வெளி. அதனால் காட்டுக்குள் தூக்கி நடக்க வேண்டிய கனமில்லாத கார்பன் ட்ரைபாடுக்குப் பணம் கொட்டத் தேவையில்லை. கொஞ்சம் கனமான அலுமினிய ட்ரைபாடே காற்றுக்கு நன்றாக நிற்கும். நடுவில் கொக்கி இருந்தால் பையைத் தொங்கவிடலாம்.

குளிரும் ஈரமும் அடுத்தது. தெளிந்த இரவில் லென்ஸின் முன்கண்ணாடி காற்றைவிட வேகமாகக் குளிர்ந்து, பனி பூத்துவிடும். படம் மங்கலாகிக்கொண்டே போகும், திரையில் பார்ப்பவர் ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைத்து வளையத்தைத் திருகுவார். லென்ஸைச் சுற்றிக் கட்டுகிற யூஎஸ்பி சூடு பட்டை ஒன்று, அதற்கு ஒரு பவர் பேங்க்: இந்தச் செலவை கேமரா பட்ஜெட்டிலேயே எழுதிக்கொள்ளச் சொன்னேன். பவர் பேங்கால் கேமராவுக்கும் யூஎஸ்பி-சி வழியாக மின்சாரம் கொடுக்க முடிகிறதா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும். உறைபனி இரவில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்று பேட்டரி ஜர்க்கினின் உள்பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். எடுத்து முடித்து வீட்டுக்குள் வரும்போது கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிய பிறகே வர வேண்டும், இல்லாவிட்டால் அடுக்களைச் சூட்டில் உள்ளேயெல்லாம் ஈரம் பூக்கும்.

மலையில் லென்ஸைக் கொல்வது பூஞ்சை. அலமாரியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த லென்ஸை எடுத்து, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள்: கண்ணாடிக்கு நடுவே சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் படர்ந்திருக்கும். தொடக்கத்தில் படத்தில் தெரியாது. முற்றிவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும், சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். ஈரப்பதம் நாற்பது, ஐம்பது சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினட் வாங்கினால் நல்லது. வாங்க முடியாதவர்களுக்குக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நிறம் மாறும் சிலிக்கா ஜெல், பத்து ரூபாய் நோட்டு அகலத்தில் ஒரு ஈரமானி. ஜெல் நிறம் மாறியதும் இரும்புச் சட்டியில் மிதமான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும்; அந்தச் சட்டியில் அப்புறம் சமைக்கக் கூடாது. அவள் கேமராவைக் கோவையில் வைத்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் கொண்டு வருகிறாள் என்பதால் இந்த ஆபத்து பாதிதான். இங்கேயே குடியிருக்கிறவர்கள் நாலைந்து லென்ஸாகச் சேர்க்காமல் ஒன்றிரண்டோடு நிறுத்தி, அவற்றை ஓயாமல் பயன்படுத்துவதே பெரிய பாதுகாப்பு.

பூஞ்சை பேச்சு வந்ததால் பழைய கேமராவையும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் வந்த கேனான் 6டி ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள பழைய வகை) இன்றும் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது. சாம்யாங் 14 மி.மீ. எஃப்/2.8 லென்ஸைப் போட்டால் நட்சத்திரத்துக்கு இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஃபோகஸ் கையால்தான், நட்சத்திரத்துக்குப் பெரும்பாலான கேமராக்களிலும் அப்படித்தான், திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசி முனையாகும் வரை வளையத்தைத் திருப்ப வேண்டும். வீட்டில் கார் இருக்கிறது, எடை பொருட்டில்லை, வானம் மட்டும் போதும் என்பவருக்குப் பாதிப் பணத்தில் முடிகிற வழி இது. வாங்கும்போது டார்ச் கையில் இருக்கட்டும். மலையிலேயே இருந்த லென்ஸ் என்றால் இரண்டு முறை அடித்துப் பாருங்கள். இவளுக்கு அந்த 770 கிராம் பாடியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அலைய விருப்பமில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

கடைசியில் இரண்டு பாடிகள் நின்றன. கேனான் ஆர்50 பேட்டரியோடு 375 கிராம், கைப்பைக்குள் போய்விடும். பிடிமானம் சின்னது, சுழற்றும் டயல் ஒன்றுதான். இருட்டில் கையுறையோடு ஷட்டர், ஐஎஸ்ஓ, திறப்பு மூன்றையும் மாற்றுவது எரிச்சல். நிக்கான் இசட்50 இரண்டாம் பதிப்பு 550 கிராம், அதே விலைத் தட்டில் கொஞ்சம் மேலே. கைக்கு நன்றாக உட்காருகிறது, டயல் இரண்டு. 21 மெகாபிக்சல் குறைவாயிற்றே என்றாள். நட்சத்திரத்துக்கு அது சாதகம். பிக்சல் பெரிதாக இருக்கும்போது நட்சத்திரம் ஓடுவது குறைவாகத் தெரியும். இரண்டுக்கும் சிக்மா 16 மி.மீ. கிடைக்கிறது. கொஞ்சம் அகலம் வேண்டும் என்றால் நிக்கானுக்கு வில்ட்ராக்ஸ் 13 மி.மீ. எஃப்/1.4 இருக்கிறது.

நான் நிக்கான் என்றேன். அவள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அதையே சொன்னாள். பாடி, கிட் லென்ஸ், சிக்மா, அலுமினிய ட்ரைபாட், சூடு பட்டை என்று கூட்டினால் லட்சத்தைத் தாண்டுகிறது. அதனால் சிக்மாவைப் பொங்கலுக்குத் தள்ளிவைத்தோம். மாசி அமாவாசைக்குள் கைக்கு வந்தால் சரி, அதுவரை வடக்கே பார்த்துக் கிட் லென்ஸில் வட்டம் போடட்டும். பில்லும் இந்திய வாரண்டி கார்டும் இல்லாமல் ஐந்தாயிரம், பத்தாயிரம் குறைத்துத் தருகிறேன் என்று ஒரு கடையில் சொன்னார்களாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோத்தகிரியில் சர்வீஸ் சென்டர் கிடையாது. ஒரு முறை பழுதானால் அந்தக் கார்டு இல்லாமல் அலைய வேண்டியது அவள்தான்.